இளங்கை எத்தனை நாள் தாங்கும்?



இந்தப் பகுதியில் காற்பந்து, பூப்பந்து, கபடி, ஓட்டப்பந்தயம் என்று நமக்குப் பழக்கமான ஆட்டங்களைப் பற்றியே பேசி வருகிறோம். இம்முறை சற்றுத் தூரம் போய், அமெரிக்காவில் மக்கள் உயிராக நினைக்கும் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்ப்போம். அங்கே ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. ஏதாவது ஒரு குழுவில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் வந்து சேருவார்கள். எல்லாரும் அபாரமாகப் பந்து வீசுவார்கள். பத்திரிகைகள், "இனிப் பத்து வருடத்துக்கு இந்தக் குழுவை அசைக்க முடியாது" என்று எழுதும். அப்படி எழுதியது எத்தனை முறை பலித்தது? பையனின் கை பத்து வருடம் தாங்குமா, இரண்டே வருடத்தில் ஓய்ந்துவிடுமா என்பதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

அமெரிக்காக்காரன் கவலை நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வேகமாகப் பந்து வீசும் மகனோ, ஈட்டி எறியும் மகளோ உங்கள் வீட்டில் இருந்தால் இது உங்களுக்கும் உரிய சங்கதிதான்.

ஆட்டம் இதுதான்

நம் பள்ளிக்கூடத் திடல்களில் பிள்ளைகள் சாஃப்ட்பால் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பேஸ்பால் அதற்கு அண்ணன். சாஃப்ட்பாலில் பந்தைக் கீழிருந்து சுழற்றி வீசுவார்கள். பேஸ்பாலில் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் எறிவார்கள். வீச்சாளர் நிற்பது ஒரு சிறு மண்மேட்டில். அங்கிருந்து அடிக்கிறவர் நிற்கும் தளம் 60 அடி 6 அங்குலத் தூரம். பந்தின் எடை ஏறத்தாழ 145 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் குறைவு. கிரிக்கெட்டில் ஓடிவந்து வீசுகிற வேகம் கைக்கு உதவும். இங்கே நின்ற இடத்திலிருந்தே மணிக்கு 90 மைலுக்கு மேல் எறிய வேண்டும். முழுப் பாரமும் தோளுக்கும் முழங்கைக்கும்தான்.

ஒரு வீச்சாளர் ஓர் ஆட்டத்தில் நூறு பந்து வரை எறிகிறார். ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் ஆடுவது 162 ஆட்டம். தினமும் ஒரே ஆள் எறிந்தால் கை கழன்று விழுந்துவிடும். ஆகவே ஐந்து பேரை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டு இறக்குகிறார்கள். அந்த ஐவர்தான் குழுவின் முதல்.

மனிதனுடைய முழங்கையின் உட்புறத்தில், எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் ஒரு சிறு நார் இருக்கிறது. பயிற்சி செய்தால் தசை பருக்கும். அந்த நாரோ அதே அளவுக்கு வலுவடைவதில்லை. தசை கொடுக்கிற வேகத்தை எல்லாம் அந்த நார்தான் தாங்கியாக வேண்டும். பல இளைஞர்களின் வாழ்வு அறுந்துபோன இடம் அதுதான்.

ஒரே வயது, ஒரே குழு, இரண்டு விதி

1966-ஆம் ஆண்டு உலகத் தொடரில் பால்டிமோர் ஓரியோல்ஸ் குழு, பலம் வாய்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குழுவை நாலுக்குச் சுழியம் என்று துடைத்தெறிந்தது. அதில் மூன்று ஆட்டங்களை முடித்து வைத்தவர்கள் மூன்று இளைஞர்கள். ஜிம் பால்மருக்கு வயது 20. வாலி பங்கருக்கு 21. டேவ் மெக்னாலிக்கு 23. மூவரும் ஆளுக்கோர் ஆட்டத்தில் எதிர்க்குழுவை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் முழு ஆட்டமும் எறிந்தார்கள்.

பால்மர் எறிந்த அந்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் எறிந்தவர் சாண்டி கூஃபாக்ஸ். அந்தப் பருவத்தில் 27 வெற்றி பெற்றிருந்த மாவீரர். முழங்கை மூட்டு தேய்ந்து, வலியோடு எறிந்துகொண்டிருந்தவர். அதுவே அவருடைய கடைசி ஆட்டமாயிற்று. 30 வயதில் விளையாட்டை விட்டு விலகினார். ஒரே திடலில் ஒருவரின் தொடக்கத்தையும் இன்னொருவரின் முடிவையும் ரசிகர்கள் சேர்த்தே பார்த்தார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

சரி, அந்த மூன்று இளைஞர்களும் என்ன ஆனார்கள்? பங்கர் 19 வயதிலேயே, 1964-இல், 19 வெற்றி பெற்றவர். பால்மரும் அவரும் ஒரே ஆண்டில், 1945-இல், பிறந்தவர்கள். அந்த நாளில் பந்தயம் கட்டச் சொன்னால் பெரும்பாலோர் பங்கர் மீதுதான் கட்டியிருப்பார்கள். ஆனால் அவருடைய கை விரைவிலேயே நோவெடுத்தது. பால்மரின் கையும்தான். 1968-இல் பால்மர் பெரிய குழுவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அந்த ஆண்டு முடிவில் புதிதாகத் தொடங்கும் குழுக்கள், பழைய குழுக்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. பால்மரையும் விட்டுக்கொடுக்கப் பால்டிமோர் தயாராகவே இருந்தது. அவரை ஒருவரும் தொடவில்லை. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் பங்கரைத்தான் எடுத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டே பால்மர் கை குணமாகித் திரும்பி வந்து 16 வெற்றி பெற்றார். பிறகு எட்டுப் பருவங்களில் இருபதும் அதற்கு மேலும் வெற்றி. 1984 வரை அதே குழுவில் ஆடி, மொத்தம் 268 வெற்றியோடு ஓய்ந்து, 1990-இல் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார். பங்கரின் ஆட்டம் 1971-இல் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 26. மொத்த வெற்றி 60.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. சிறு வயதில் பெற்ற வெற்றி, நீண்ட நாள் நிலைப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தொழிலே அதுவாக உள்ள வல்லுநர்கள் பார்த்துத்தான் பால்மரைக் கழித்தார்கள்.

கறந்தே தீர்த்த கதை

பால்மரம் வெட்டியவர்களுக்கு அடுத்த கதையை விளக்கவே வேண்டாம். கன்று நட்டு ஐந்தாறு வருடம் காத்திருந்து, அடிமரம் உரிய பருமனுக்கு வந்த பிறகே கத்தி வைப்பார்கள். அரைச் சுற்று வெட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கொடுப்பார்கள். அளவு மீறி வெட்டினால் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும். சாய்க்கப் போகிற கிழட்டு மரத்தை மட்டும்தான் உள்ளவரை கறப்பார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்ட இடங்களிலும் நம் பெரியவர்களுக்கு இது மறந்திருக்காது.

1980-இல் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் குழு என்ன செய்தது தெரியுமா? முந்திய ஆண்டில் 108 ஆட்டம் தோற்றுக் கிடந்த குழு அது. பில்லி மார்ட்டின் என்ற புதிய நிர்வாகி வந்தார். கெட்டிக்காரர், ஆனால் பொறுமை இல்லாதவர். அவரிடம் ஐந்து வீச்சாளர்கள் இருந்தார்கள்: ரிக் லாங்ஃபோர்டு, மைக் நோரிஸ், மேட் கியோ, ஸ்டீவ் மெக்காட்டி, பிரையன் கிங்மன். எல்லாரும் முப்பதுக்கு உட்பட்டவர்கள். களைத்தவரை மாற்றி இன்னொருவரை இறக்கும் வழக்கத்தை மார்ட்டின் அநேகமாகக் கைவிட்டார். தொடங்கியவரே முடிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அக்குழு வீச்சாளர்கள் முதலிலிருந்து கடைசிவரை தாமே எறிந்து முடித்த ஆட்டங்கள் 94. லாங்ஃபோர்டு மட்டும் 28 ஆட்டம். அதிலும் 22 ஆட்டம் இடைவிடாமல் தொடர்ச்சியாக. நோரிஸ் 24 ஆட்டம். ஓர் ஒப்பீடு சொன்னால் இதன் கடுமை புரியும். 2023-இல் முப்பது குழுக்களும் சேர்ந்து ஒரு பருவம் முழுவதும் இப்படி முடித்த ஆட்டங்கள் நாற்பதை எட்டவில்லை.

பலன் உடனே கிடைத்தது. தோற்றுக் கிடந்த குழு 83 வெற்றி பெற்றது. நோரிஸ் 22 ஆட்டம் வென்றார். 1981-இல் முதல் 11 ஆட்டத்தையும் தொடர்ந்து வென்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். நாடறிந்த விளையாட்டு ஏடு ஒன்று ஐவர் படத்தையும் அட்டையில் போட்டது.

1982-இல் குழு சரிந்தது. 94 ஆட்டம் தோற்றது. மார்ட்டின் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நியூயார்க்கில் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்த ஐந்து கைகளுக்கோ போக இடமில்லை. 1982-க்குப் பிறகு அந்த ஐவரில் ஒருவர்கூட எந்தப் பருவத்திலும் பத்து வெற்றியை எட்டவில்லை. ஒரே காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொல்லைகளும் இருந்தன. ஆயினும் ஐந்து பேரும் ஒன்றுபோல் ஓய்ந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் சேர்ந்தால் போதுமா?

1976-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவில் மார்க் ஃபிட்ரிச் என்ற 21 வயதுப் பையன் வந்தார். சுருட்டை முடி, வெகுளிச் சிரிப்பு. பந்தோடு பேசுவார். மண்டியிட்டு, மண்மேட்டைக் கையாலேயே தடவிச் சமன் செய்வார். அவர் எறிகிற நாளில் அரங்கம் நிரம்பி வழியும். அந்த ஒரு பருவத்தில் 19 வெற்றி. தொடங்கிய 29 ஆட்டத்தில் 24 ஆட்டத்தை அவரே முடித்தார். அடுத்த ஆண்டு முதலில் முழங்கால் அடிபட்டது. பிறகு தோள் போயிற்று. 1980-இல் எல்லாம் முடிந்தது. மொத்த வெற்றி 29 மட்டுமே.

இந்த ஆட்டத்தின் கணக்குகளை ஆராய்ந்து பெயர் பெற்ற பில் ஜேம்ஸ் என்பவர் ஒரு விதியை எடுத்துச் சொன்னார். அடிக்கிறவரின் மட்டையில் பந்து படாமலே அவரை வெளியேற்றும் திறன் எவரிடம் அதிகமோ, அவர்தான் நீண்ட காலம் நிலைப்பார் என்பது அது. அடித்த பந்தைப் பிடித்துக் கொடுக்கச் சகாக்கள் வேண்டும். கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். மட்டையில் படாத பந்துக்கு இரண்டும் வேண்டாம். வயது ஏற ஏறக் கை வேகம் குறையும்போது, மிச்சம் வைத்திருப்பவனே பிழைப்பான். ஃபிட்ரிச் அந்தப் பெரும் பருவத்தில் 250 சுற்று எறிந்து அப்படி வெளியேற்றியவர்கள் 97 பேர்தான். மாறாக, ஆண்டு தவறாமல் நூற்றுக்கணக்கில் வெளியேற்றிய நோலன் ரையன் 46 வயது வரை, 1993 வரை, எறிந்தார். அவர் கணக்கு 5,714. இன்றுவரை ஒருவரும் அதை நெருங்கவில்லை.

காயம் பட்டது முழங்காலில்தானே, அதற்கும் இந்தக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த அளவுகோல் தனியாக நிற்காது. மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தோற்றுக்கொண்டே வளர்ந்தவர்கள்

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1988-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவின் டாம் கிளாவின் 7 ஆட்டம் வென்று 17 ஆட்டம் தோற்றார். அதற்கு முந்திய ஆண்டு சிக்காகோவில் கிரெக் மேடக்ஸ் 6 வெற்றி, 14 தோல்வி. இருவரும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். இந்த எண்களை மட்டும் பார்த்திருந்தால், "வேறு வேலை பார்க்கப் போ தம்பி" என்றுதான் சொல்லத் தோன்றும். பின்னாளில் கிளாவின் 305 வெற்றி, மேடக்ஸ் 355 வெற்றி. இருவரும் 2014-இல் புகழ்க்கூடம் ஏறினார்கள்.

1993 முதல் மேடக்ஸும் அட்லாண்டாவுக்கு வந்து சேர, அங்கே நால்வர் அணி அமைந்தது. மற்ற இருவர் ஜான் ஸ்மோல்ட்ஸும் ஸ்டீவ் ஏவரியும். நால்வரிலும் இளையவர் ஏவரி. 21 வயதில் 18 வெற்றி பெற்றவர். 1993 முடிவுக்குள், 23 வயதிலேயே, 50 ஆட்டம் வென்றிருந்தார். நால்வரில் யார் நெடுந்தூரம் போவார் என்று அன்று கேட்டிருந்தால் ஏவரி பெயரைச் சொல்லப் பலர் இருந்திருப்பார்கள். அவர் அதற்குப் பிறகு பெற்ற வெற்றி 46. மொத்தம் 96. மற்ற மூவரும் புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள்.

கிளாவினும் மேடக்ஸும் எதனால் நிலைத்தார்கள்? அவர்கள் அசுர வேகக்காரர்கள் இல்லை. பந்தை நினைத்த இடத்தில் போடுவார்கள். வேகமாக வருவதுபோல் காட்டி மெதுவாக விடுகிற வித்தையைக் கற்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் முழு பலத்தையும் கொட்டவில்லை. லியோ மசோனி என்ற பயிற்சியாளர், ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் இரண்டு முறை இலேசாக எறிந்து பழகச் சொல்வார். அடிக்கடி எறி, ஆனால் மூச்சைப் பிடித்து எறியாதே என்பது அவர் முறை. ஸ்மோல்ட்ஸோ முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ஆட்டத்தின் கடைசிச் சுற்றை மட்டும் முடித்து வைக்கிற வேலைக்கு மாறினார். பிறகு பழைய வேலைக்கே திரும்பினார். ஒரு கதவு அடைத்தால் இன்னொன்றைத் தட்டும் குணம் அவரிடம் இருந்தது.

மாசற்ற வீச்சும் முறியும்

1995-இல் நியூயார்க் மெட்ஸ் குழு மூன்று இளைஞர்களைக் காட்டி, "இவர்களே எங்கள் எதிர்காலம்" என்றது. பில் பல்ஸிஃபர், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன், பால் வில்சன். அந்த மூவரும் ஒரே சமயத்தில் அந்தக் குழுவின் வீச்சு முறையில் ஒருநாளும் சேர்ந்து நிற்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் காயத்தில் விழுந்தார்கள். பல்ஸிஃபரின் மொத்த வெற்றி 13, வில்சனுக்கு 40. இஸ்ரிங்ஹவுசன் மட்டும் பின்னாளில், கடைசிச் சுற்றை முடித்து வைக்கிறவராக மாறி, 300 ஆட்டங்களைக் காத்துக் கொடுத்துப் பெயர் வாங்கினார்.

2003-இல் சிக்காகோ கப்ஸ் குழுவில் மார்க் பிரையர். 22 வயது. 18 வெற்றி. பாடப் புத்தகத்தில் போடத்தக்க வீச்சு, இந்தக் கை முறியவே முறியாது என்றார்கள். 2006-க்குப் பிறகு அவர் பெரிய ஆட்டத்தில் எறியவே இல்லை. மொத்த வெற்றி 42. இளவயதில் அதிகம் எறிய வைத்தார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். 2005-இல் அடித்த பந்து நேரே வந்து முழங்கை எலும்பை உடைத்ததே என்று இன்னொரு சாரார். இரண்டும் நடந்தவைதான். பிரையர் சோர்ந்துவிடவில்லை. பயிற்சியாளராகி, 2020-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குழுவின் வீச்சாளர்களுக்குப் பொறுப்பேற்றார்.

கை யாருடையது?

இத்தனை கதைக்கும் நடுவே ஒரு விஷயத்தை நம் வாசகர்கள் மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்வார்கள். நெடுங்காலம் அமெரிக்க பேஸ்பாலில், ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்த ஆட்டக்காரர் அந்தக் குழுவுக்கே கட்டுப்பட்டவர். குழு விரும்பினால் விற்கலாம், நீக்கலாம். அவராக வேறிடம் போக முடியாது. இதை எதிர்த்து ஆட்டக்காரர் சங்கம் போராடியது. 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு சங்கத்தின் பக்கம் வந்தது. அந்த வழக்குக்குப் பெயர் கொடுத்த இருவரில் ஒருவர் டேவ் மெக்னாலி. 1966-இல் பால்மரோடும் பங்கரோடும் எறிந்தாரே, அதே மெக்னாலி. 184 வெற்றி பெற்ற அவர் அப்போது ஆட்டத்தை விட்டே விலகியிருந்தார். தீர்ப்பினால் அவருக்குச் சல்லிக்காசு பயனில்லை. பின்னால் வருகிறவர்களுக்காகத் தம் பெயரைக் கொடுத்தார்.

இளம் வீச்சாளரின் எதிர்காலத்தைக் கணிக்க நினைப்பவர்கள் கையை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்தக் கையை வேலை வாங்குகிறவர் யார், அவருடைய அவசரம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வருடமே ஜெயித்துக் காட்ட வேண்டியவரிடம் போன கை ஒருவிதமாகவும், ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறவரிடம் போன கை வேறுவிதமாகவும் முடிகிறது.

ஆக, எப்படிக் கணிப்பது?

இதுவரை பார்த்ததை வைத்து எனக்குத் தோன்றும் கணக்கைச் சொல்கிறேன். முதலாவது, வெற்றி எண்ணிக்கையை நம்பாதீர்கள்; மட்டையில் படாமல் எத்தனை பேரை வெளியேற்றுகிறான், பந்தைச் சொன்ன இடத்தில் போடுகிறானா என்று பாருங்கள். இரண்டாவது, இருபத்திரண்டு வயதுக்குள் எவ்வளவு பாரம் சுமத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, வேகம் குறைந்தால் பிழைக்க இன்னொரு வித்தை கற்றிருக்கிறானா என்று பாருங்கள். நாலாவது, வலியை வாய்விட்டுச் சொல்கிற தைரியமும், அதைக் கேட்கிற மேலாளரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஐந்து பேரில் இருவர் நிலைத்தால் அது நல்ல விளைச்சல். ஐவரும் நிலைப்பார்கள் என்று எழுதுகிறவர் ஆசையைத்தான் எழுதுகிறார்.

அறுவைச் சிகிச்சை இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற வீச்சாளரின் இன்னொரு கையிலிருந்து நாரெடுத்து, அறுந்த முழங்கையில் வைத்துக் கட்டினார். முடிந்துபோனவர் என்று கருதப்பட்ட டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து, அதன்பின் மட்டும் 164 ஆட்டம் வென்று, 46 வயது வரை ஆடினார். அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்; எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை. சிகிச்சை வளர்ந்த பிறகும் காயங்கள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. 2008-இல் ஏறத்தாழ 91 மைலாக இருந்த சராசரி வேகப்பந்து, 2024-இல் 94 மைலாகிவிட்டது. 2024 டிசம்பரில் பேஸ்பால் தலைமை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, வேகத்தைத் துரத்துவதையும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. பள்ளிப் பருவத்திலேயே இந்தத் துரத்தல் தொடங்கிவிடுகிறது என்றும் கவலைப்பட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அறுவைச் சிகிச்சை வரை போன இளவயது வீச்சாளர்களையும் காயம் படாதவர்களையும் ஒப்பிட்டது. கை களைத்த பிறகும் அடிக்கடி எறிந்தவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு. வேகத்தைவிட, ஓய்வில்லாமையைவிட, களைப்பை மறைத்ததுதான் பெரிய சத்துரு என்று இதற்குப் பொருள்.

2014-இல் அங்கே பிள்ளைகளுக்கு ஓர் எல்லை வகுத்தார்கள். ஒரு நாளில் 9, 10 வயதுப் பிள்ளை 75 பந்துக்கு மேல் எறியக்கூடாது. 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வயது வரை 95. பதினான்கும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ஒரே நாளில் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நாலு நாள் ஓய்வு. ஆண்டில் நாலு மாதமாவது போட்டிகளில் பந்து வீசுகிற வேலையே வேண்டாம்.

நம் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுவது அபூர்வம். இந்த எண்களை அப்படியே கிரிக்கெட்டுக்கோ ஈட்டிக்கோ பொருத்தவும் முடியாது. ஆனால் வளரும் எலும்பின் கதை எங்கும் ஒன்றுதான். இளவயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் விழுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

நம் பக்கத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் ஒரு பையன் கெட்டிக்காரனாக இருந்தால், நூறு மீட்டரும் அவன்தான், தொடர் ஓட்டமும் அவன்தான், நீளம் தாண்டுவதும் அவன்தான், மாலையில் காற்பந்தும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் குழு கேட்டால் அங்கேயும் அவன்தான். கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை வேண்டும். எல்லாக் கோப்பையையும் தூக்குவது ஒரே உடம்பு. "கொஞ்சம் வலிக்கிறதப்பா" என்று பிள்ளை சொன்னால், தைலம் தேய்த்து மறுநாள் அனுப்பிவிடுகிறோம். வலி இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். "இந்த வாரம் வேண்டாம், சார்" என்று ஆசிரியரிடம் சொல்லத் தயங்காதீர்கள். நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார்.

பிள்ளைக்கும் ஒன்றைப் பழக்குங்கள். களைப்பைச் சொல்வது கோழைத்தனம் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். படிப்பையும் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 26 வயதில் ஆட்டம் முடிந்த வாலி பங்கருக்கு அதற்குப் பிறகும் ஒரு முழு வாழ்க்கை மிச்சமிருந்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வயதுக்கு முன்னரே ஆட்டம் முடிந்துவிடும். மீதி ஆண்டுகளுக்கும் அதே தோளும் அதே முதுகும்தான்.

இந்த வாரம் பிள்ளை திடலிலிருந்து வந்ததும், ஜெயித்தாயா என்று கேட்பதற்கு முன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.